ஒரு வாரமாகக் கத்தும் கார்

“முதல்ல அந்தச் சனியனோட வாயை அடைய்யா! தெருவே எட்டிப் பாக்குது!”

ஜன்னல் வழியாக அண்ணன் போட்ட சத்தத்தைக் கார் அலாரம் விழுங்கிவிட்டது. போர்ட்டிகோவில் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த எலக்ட்ரீஷியன் கையை மட்டும் ஆட்டினார். அவள் பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு ஓடிவந்து, சாவிக்கொத்திலிருந்த ரிமோட்டை அழுத்தினாள். கார் விக்கி விக்கி அடங்கியது.

மணி ஒன்பதரை. பன்னிரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால், மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த படுக்கை அடுத்த நோயாளிக்குப் போய்விடும் என்று பராமரிப்பு இல்லத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் நாளைக்குத்தான் வருமாம். படுத்த படுக்கையாகக் கிடப்பவரை ஏற்ற வாடகைக் கார்க்காரர்கள் மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் சொந்தக் காரின் முன் சீட்டைச் சாய்த்து மெத்தை விரித்து வைத்தால், அது இந்தக் கூத்து அடிக்கிறது.

கணவர் கட்டிலில் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மூளையில் ரத்தம் கட்டி விழுந்து பதினோரு மாதம் ஆகிறது. “உடம்பு இருக்கும்மா, உள்ள அவர் இல்ல” என்று பெரிய டாக்டரே கைவிரித்துவிட்டார். புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, குழாயில் ஊட்டி, அவளுக்கு இடுப்பே விட்டுப்போயிருந்தது. இருந்தும், அனுப்புகிறோமே என்ற குற்ற உணர்ச்சி அவளை ஒரு நிமிடம் உட்கார விடவில்லை. நாலாவது முறையாகத் துண்டுகளை எடுத்து மடித்தாள்.

“கையில என்னம்மா இது?” போர்வையைச் சரிசெய்த அண்ணன் கேட்டார்.

“விரல் மடங்கி இறுகிடக் கூடாதாம். எதையாவது பிடிக்கக் குடுத்து வைங்கன்னு பிசியோதெரபிஸ்ட் சொன்னாங்கண்ணே. பந்து குடுத்தேன், நழுவிடுச்சு. துணியைச் சுருட்டி வெச்சேன், அதுவும் நிக்கல. அலமாரியில கிடந்த இந்தத் தோல் உறைதான் கைக்கு வாகா இருந்துச்சு.”

“சரி, அதையும் சேத்தே அனுப்பு.”

எலக்ட்ரீஷியன் ஜன்னலருகே வந்தார். “எப்பலேருந்துக்கா இப்படி?”

“ஒரு வாரமா. படுக்கை கிடைச்சிருச்சுன்னு அண்ணன்கூட ஃபோன்ல பேசிட்டிருந்தேன், அப்ப கத்துச்சு. அப்புறம் ஃபாரத்துல கையெழுத்துப் போடும்போது. இன்னிக்குக் காலையிலேருந்து இது மூணாவது தடவை.”

“கத்துறது மட்டுமில்லக்கா, கத்தின கையோட இன்ஜினையும் பூட்டிடுது. இம்மொபிலைசர்னு திருடனுக்காக வெச்ச பூட்டு. இப்ப வீட்டுக்காரங்களையே மறிக்குது.”

“வண்டிக்கும் மாப்பிள்ளையைப் பிரிய மனசில்ல போல” என்றார் அண்ணன். அவள் முறைத்த முறைப்பில் சிரிப்பைப் பாதியிலேயே மென்று விழுங்கினார்.

பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. அவ்வளவுதான், அத்தனை நேரம் அடக்கிவைத்த அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“எனக்குப் பயமா இருக்குண்ணே. ராத்திரி முழிச்சா என்னைத் தேட மாட்டாரா?”

“பைத்தியமா உனக்கு? அவருக்கு என்னம்மா தெரியப்போகுது? பக்கத்துல நீ இருந்தாலும் ஒண்ணுதான், நர்ஸ் இருந்தாலும் ஒண்ணுதான்.”

கார் வீறிட்டது.

“வெட்டுய்யா அந்த சைரன் ஒயரை!” அண்ணன் பொறுமை இழந்து கத்தினார். “அந்தப் பூட்டையும் பிடுங்கிப் போட்டுட்டு நேரா ஸ்டார்ட் பண்ணு! நேரமாகுது!”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ரிமோட்டை அழுத்தினாள். சத்தம் நின்றது. எலக்ட்ரீஷியன் கட்டரை எடுத்து ஒயரில் வைத்தவர், அப்படியே நிறுத்தி எதையோ உற்றுப் பார்த்தார்.

“ஒரு நிமிஷம் சார். அக்கா, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துட்டேன், வண்டியில கோளாறே இல்ல. இந்த அலாரம் பெட்டியில ஒரு சின்ன லைட் இருக்கு, எதனால கத்துச்சுன்னு கண்ணடிச்சுக் காட்டும். கதவுன்னா ஒரு தடவை, பானெட்னா ரெண்டு. யாராவது ரிமோட்டை அழுத்திக் கத்தவெச்சா மூணு. இப்ப மூணு அடிக்குது.”

“ரிமோட் என் கையிலதானே இருக்கு? கத்தினப்புறம் நிறுத்தத்தானே நான் அழுத்துறேன்?”

“வண்டிக்கு ரெண்டு ரிமோட் குடுத்திருப்பாங்களே. இன்னொண்ணு எங்கக்கா?”

“அது பட்டன் சரியில்ல. மூச்சைப் பிடிச்சு அழுத்தினாத்தான் வேலை செய்யும். அவர் நல்லா இருந்தப்பவே அதை ஒரு உறையில போட்டு அலமாரி…”

அவள் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். போர்வையை விலக்கினாள். தோல் உறையின் மேல் கணவரின் கட்டைவிரல், நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு அழுந்தியிருந்தது. கண்கள் மட்டும் அதே கூரையில் இருந்தன.

“என்னங்க…” அவருடைய காதருகே குனிந்தாள். “நான் பேசுறது கேக்குதா?”

வெளியே கார் தெரு அதிர அலறியது. இந்த முறை அவள் அதன் வாயை அடைக்க ஓடவில்லை.