வீட்டுக்கு வந்தவள்

புதுக்கோட்டையில் ஒரு சிறிய மகளிர் கல்லூரியின் விடுதி அது. வீட்டில் போனில் சம்மதம் சொன்னால்தான் வார்டன் மல்லிகா மாணவிகளை ஊருக்கு அனுப்புவார். வெள்ளிக்கிழமை மாலை நித்தியகலா பையோடு வந்து நின்றாள். கீரமங்கலம் போய் அம்மாவைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வார்டன் போனை ஸ்பீக்கரில் போட்டார். “ஒங்க மக ஊருக்கு வரணுங்குது. அனுப்பவாங்க?”

“மதியமே வந்துட்டாளே மேடம். இந்தா சாப்புட்டுக்கிட்டு இருக்கா.”

“அம்மா, நான் இங்க ஹாஸ்டல்லதான் இருக்கேன்,” என்றாள் நித்தியகலா.

“யாரு பேசுறது?” என்றாள் அம்மா.

வார்டன் அவளை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருடமாகப் பார்த்துவரும் முகம்தான். “வீட்டுல ஆளு வந்தாச்சுங்குறாங்க. ஒன்ன எப்புடிம்மா அனுப்புறது?” என்றார் கோபமில்லாமல்.

நித்தியகலா போனை நோக்கிக் குனிந்தாள். அதற்குள் போனில் இன்னொரு குரல் வந்தது. அது தன் குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“மேடம், அவள அனுப்பிடாதீங்க. அம்மா பயந்துரும்.”

“சரிம்மா,” என்று போனை வைத்த வார்டன், வரிசையில் அடுத்து நின்ற பெண்ணைக் கூப்பிட்டார்.