குறை சொன்ன வாய்

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள் பிரானி.

விச்சாய் கரண்டியைக் கீழே வைத்தான். "ம்... பரவாயில்ல."

காலையிலிருந்து இதே பதில்தான். பாங்காக்கைச் சுற்றிப் பார்க்கலாம் என்று சியாங்மாயிலிருந்து அவனை வற்புறுத்திக் கூட்டி வந்திருந்தாள். ஆனால் அருண் கோயிலில்கூட அவள் கோபுரத்தைப் பார்க்கவில்லை. மாங்காயைக் கடித்துக்கொண்டிருந்த கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது யாவராட் தெருவில், மீன் சூப் கடையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஊருக்கே போயிடலாம் பிரானி. வெறுத்துப்போச்சு."

"இன்னும் ஒரு வாய்ங்க. எனக்காக."

கடைக்காரி அனோங்குக்குப் பொறுக்கவில்லை. "ஊரே வரிசையில நின்னு குடிக்குது. உன் புருஷனுக்கு மட்டும் நாக்கு தங்கத்துலயா செஞ்சு வெச்சிருக்கு?"

விச்சாய் வேண்டாவெறுப்பாக, அடியில் கிடந்ததை அள்ளிக் குடித்தான். அவன் முகம் சட்டென்று கோணியது.

"அய்யே! என்னம்மா இது, உப்புக் கரிக்குது!"

"யோவ், எந்திரி! என் கடையிலயே உக்காந்துக்கிட்டு..." என்று அகப்பையோடு வந்தாள் அனோங்.

அதற்குள் பிரானி அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. இவர் சமையல்காரர். போன வருஷம் காய்ச்சல்ல விழுந்து எந்திரிச்சதிலேருந்து நாக்குல ஒரு ருசியும் தெரியல. எங்க கடையையே மூடிட்டோம்."

விச்சாய் கிண்ணத்தைவிட்டு நிமிரவேயில்லை. கண்ணீர் வழிய வழியக் குடித்துக்கொண்டிருந்தான்.

அனோங் வேறொரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல என்ன குறைன்னு சொல்லு தம்பி."