கோணல் தண்டு

உறைபனி பட்டுக் கேல் கீரை இனிக்கத் தொடங்கிவிட்ட ஹாலோவீன் அந்தி. என் கல்சுவருக்கு அந்தப் பக்கம் எல்ஸ்பெத்தின் நரைத்த தலையும், கல்யாணமே செய்துகொள்ளாத டூகலின் கூன் முதுகும் தெரிகின்றன. சூப்புக்குக் கீரை பறிக்க வந்தவளை அவன் வம்புக்கு இழுக்கிறான். "கண்ண மூடிக்கிட்டு ஒண்ணு பிடுங்கு, பாப்போம்." "எழுபது வயசுல எனக்கு மாப்பிள்ளை ஜோசியமா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" சொல்லிக்கொண்டே கண்ணை மூடிவிடுகிறாள்.

குமரிகளாக இருந்தபோது ஹாலோவீன் இரவுகளில் நானும் அவளும் கைகோத்து இதே பாத்தியில் இறங்குவோம். கண்ணை மூடிப் பிடுங்கும்போது வேரோடு வரும் கீரைத்தண்டு எப்படியோ அப்படித்தான் புருஷன் அமைவான் என்பார்கள். அன்று அவளுக்கு வந்தது ஈட்டி மாதிரி நேரான தண்டு. வாய்த்தவனும் நிமிர்ந்துதான் நடந்தான். மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை.

இப்போது அவள் விரல்கள் ஈர இலைகளுக்கடியில் துழாவுகின்றன. நேரான தண்டு ஒன்றைப் பிடிக்கிறாள், விடுகிறாள். பக்கத்தில் இருப்பதை மேலும் கீழும் தடவிவிட்டு இழுக்கிறாள். மண் அப்பிய வேரோடு வளைந்த தண்டு வருகிறது.

"கோணல்," என்கிறான் டூகல். குரல் இறங்கிவிட்டது. "வேணும்னா இன்னொண்ணு பிடுங்கேன்."

"எதுக்கு?" கண்ணைத் திறக்காமலே அவள் அதை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். "தடவிப் பாத்துத்தான எடுத்தேன்."