மஞ்சள் கோடு

புயலில் சிக்கிக் கரை திரும்பாத தன் கணவனின் படகுக்கு ஜெபமாலை அங்க அடையாளம் சொல்லச் சொல்ல, மனோகரன் மணலில் உட்கார்ந்து அதை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். பச்சை உடம்பு, அதன் நடுவே நீளமாக ஒரு மஞ்சள் கோடு, முன்மூக்கில் வெள்ளைச் சிலுவை. முப்பது வருஷமாகப் படகுகளையே வரைகிற கை, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. காலி மீன்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் படத்தைப் பார்த்தாள்.

“நம்ம வள்ளந்தான் சார். ஆனா இது கடலுக்குப் போற வள்ளம். வாறப்ப மீன் பாரத்துல அந்த மஞ்சக் கோடு வரைக்கும் தண்ணி ஏறி நிக்கும்.”

மனோகரனுக்கு வெட்கமாகிவிட்டது. இதுவரை எத்தனை படகுகள் வரைந்திருப்பார்! அத்தனையும் காலியாகவே மிதந்திருக்கின்றன. ஒருவர்கூடச் சொன்னதில்லை, இவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் நீர்வண்ணத்தில் போட்டதை அழிக்க முடியாது, படகைக் கீழே இறக்க வழியில்லை. கொஞ்சம் யோசித்தார். நீலத்தை அடர்த்தியாகக் குழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கோட்டை ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்தார். கடல் ஏறியது. படகு கனத்தது.

ஜெபமாலை படத்தைக் கையில் வாங்கவில்லை.

“வந்துட்டாக,” என்றாள். சேலையைத் தூக்கிச் செருகி, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள். மனோகரனும் தன்னையறியாமல் எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்தார்.