சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

ரயில் மறுபடியும் இரண்டாகப் பிரிந்தது. இன்ஜினும் மூன்று பெட்டிகளும் மட்டும் மலையைவிட்டு வெளியே வந்தன. மீதிப் பதினொன்றும் சுரங்கத்து இருட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன.

"மூணாவது தடவை," என்றான் ராஸ், அதை வாங்கவென்று சிட்னியிலிருந்து வந்திருப்பவன்.

கிளெம் கையை முழங்கைவரை சுரங்கத்துக்குள் விட்டு, உள்ளங்கை நீள நிலக்கரிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். முப்பத்தெட்டு வருடம் நிஜ நிலக்கரி வண்டி ஓட்டியவர். அவர் ஓட்டிய மலைப்பாதைதான் இந்தக் கொட்டகைக்குள் பிளாஸ்டரும் பாசியுமாகச் சின்னதாய் எழுந்து நின்றது.

அவர் மனைவி டோரீன் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் வைத்த தட்டோடு நடுவில் நின்றாள். தண்டவாளம் இடுப்பு உயரத்தில் நாலு சுவரையும் சுற்றி வந்து, வாசலுக்குக் குறுக்கே ஒரு தூக்குப் பாலத்தில் சேர்ந்தது. பாலத்தை இறக்கினால்தான் ரயில் ஓடும். இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உள்ளேதான். ஓட்டம் முடிகிறவரை அதை யாரும் தொடக்கூடாது என்பது கிளெமின் சட்டம்.

அவளுக்கு மூச்சு முட்டியது. கோல்டு கோஸ்ட்டில் மகள் லீயன் பார்த்து வைத்திருக்கும் ஒன்பதாவது மாடி வீட்டை நினைத்தாலும் இப்படித்தான் முட்டும். அதன் ஒரே பெரிய ஜன்னல் எதிர்க் கட்டடத்தின் ஜன்னலைப் பார்த்திருந்தது.

"இங்கயே வந்துடுங்க," என்று லீயன் கேட்டபோது டோரீன் கிளெமைப் பார்த்தாள், கிளெம் டோரீனைப் பார்த்தார். இருவரும் சரியென்று தலையாட்டினார்கள். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கிளெம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. யாராவது ரயிலை முழுசாக வாங்கிக்கொண்டு போன பிறகுதான் இப்போதிருக்கும் இந்த லித்கோ வீட்டை விற்க வேண்டும். அன்றிலிருந்து பெட்டிகளைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார்.

இன்று காலையில்கூட, ஃபிரிட்ஜ் கதவிலிருந்து விழுந்து தரையில் கிடந்த அந்த மாடி வீட்டுப் படத்தை எடுத்துத் தூசி தட்டி, ரொட்டி டப்பாமேல் சாய்த்து வைத்தார். மனுஷனுக்குப் போக எவ்வளவு ஆசை என்று டோரீன் நினைத்துக்கொண்டாள்.

ராஸ் அளவுகோலைப் பெட்டிகளை இணைக்கும் கொக்கிமேல் வைத்துப் பார்த்தான். "உயரம் சரியாத்தான் இருக்கு. ஸ்பிரிங்கும் புதுசு. அடியில தொங்குற கம்பி எங்கயாவது இடிக்குதா?"

"இடிக்கல. நேத்துதான் மேல வளைச்சு விட்டேன்."

"பெட்டிகளைப் பிரிக்கற யார்டுல, தண்டவாளத்துக் காந்தத்துக்கு மேல போனா கம்பி விலகிக் கொக்கி தொறக்கும், சரி. மலைக்குள்ள எதுக்குத் தொறக்குது?"

"வரைபடத்தைப் பாரு. யார்டைத் தவிர எங்கயும் காந்தம் போடல."

ராஸ் தலையைச் சொறிந்தான். "ஏறும்போது ஒழுங்காத்தான் ஏறுது. இன்ஜின் இழுக்குற இழுப்புல கொக்கி இறுகிக்கும், என்ன பண்ணாலும் தொறக்காது. உச்சியைத் தாண்டி இறங்கறப்போ இழுப்பு தொய்ஞ்சதும் வேலையைக் காட்டுது, கழுதை!"

"உன்னை மாதிரிதான். வேலை முடியறதுக்குள்ள தேநீருக்குத் தொய்ஞ்சு போற," என்றார் கிளெம்.

ராஸ் சிரிக்கவில்லை. "இன்னும் ஒரே சுத்து, பெரியவரே. இதுலயும் கழண்டா நான் கிளம்பறேன். அடுத்த மாசம் கண்காட்சி. கூட்டத்துக்கு நடுவுல மானம் போயிடும்."

"கிளெம், நல்லாப் பாத்து ஓட்டு," என்றாள் டோரீன். இது போனால் இனி வழியில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ரயில் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் போலவே அவள் சுரங்கத்தின் இந்தப் பக்க வாயையே கண்கொட்டாமல் பார்த்தாள். பதினான்கு பெட்டிகளும் ஒன்றை ஒன்று விடாமல் ஏறி, உள்ளே போய் மறைந்தன. தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

அந்தப் பக்கம் இன்ஜின் வெளியே வந்தது. பின்னால் மூன்றே பெட்டிகள்.

"இந்த மலைக்குப் பேய் பிடிச்சிருக்கு," என்றபடி அளவுகோலைச் சட்டைப்பைக்குள் போட்டான் ராஸ். "மன்னிச்சுக்கோங்க பெரியவரே. ஸ்கோன் மட்டும் ரெண்டு எடுத்துக்கறேன்."

கிளெம் பாலத்தைத் தூக்கி வழிவிட்டார். கார் சத்தம் தெருமுனைவரை போய்த் தேய்ந்தது.

"லீயன்கிட்ட என்ன சொல்ல?" என்றாள் டோரீன்.

"விக்கலன்னு சொல்லு."

"உனக்கு ரொம்ப வருத்தமா, கிளெம்?"

அவர் சுரங்கத்துக்குள் கையைவிட்டு எதையோ பிடுங்கி எடுத்து, அவள் முன்னால் உள்ளங்கையை விரித்தார். அவர்கள் ஃபிரிட்ஜ் கதவில் இத்தனை வருடம் ஒட்டியிருந்த தட்டையான கூக்கபரா பறவைக் காந்தம்.

டோரீனின் முகம் வெளுத்தது. "கிளெம்... நான் வந்து..."

"நீ வச்ச மாதிரி ஏத்தத்துல வச்சா கழலாது, டோரீன். நான்தான் இறக்கத்துக்கு மாத்தினேன்."