நீலச் சீட்டு

கார்டில் என் கணவரின் பெயர் இருந்தது.

கீழே அவர் மனைவியின் பெயரும் இருந்தது. அது நான் இல்லை.

வனஜா. பெண் பார்க்க வந்தபோது அவளைப் பற்றி அவரே சொன்னார். 1972 பிப்ரவரியில், டொராண்டோ ஆஸ்பத்திரியில், நிமோனியாவில் போய்விட்டாளாம். அப்பா உச்சுக் கொட்டினார். இரண்டாம் தாரமானால் என்ன, கனடா மாப்பிள்ளை, தங்கமான மனுஷன் என்று என்னை விமானம் ஏற்றிவிட்டார்.

நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. யங் தெருவில் ஒரு கப்பல் கம்பெனியின் டிக்கெட் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. மூன்றே மூன்று உல்லாசக் கப்பல் வைத்திருந்த சின்ன நார்வே கம்பெனி. போன மாதம், 1974 அக்டோபரில், அதைப் பெரிய கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிவிட்டது.

வாங்கினவர்கள் சும்மா இருப்பார்களா? பழைய கார்டு ஒன்றுகூட அரைகுறையாக நிற்கக் கூடாது என்று ஆஸ்லோ தலைமை ஆபீஸிலிருந்து டெலக்ஸ் செய்தி வந்தது.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு கார்டு. பயணி கப்பலில் ஏறும்போது வெள்ளைச் சீட்டு, இறங்கும்போது நீலச் சீட்டு. இரண்டையும் வாங்கி அதில் குத்திவைக்க வேண்டும். சின்னக் கம்பெனியில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்! நீலச் சீட்டு இல்லாத கார்டு நாற்பதுக்கு மேல் தேறியது.

அந்தந்த வீட்டுக்குப் போன் பண்ணி, இறங்கினீர்களா என்று கேட்டு எழுதுவதுதான் காலையிலிருந்து என் வேலை. பின்னே இன்னும் கப்பலிலேயேவா இருக்கிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். சீட்டைக் கோட்டுப் பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார்கள், பாவம்.

என் கணவரும் வனஜாவும் போன அறையின் கார்டில் வெள்ளை இரண்டு இருந்தது. நீலம் ஒன்றுதான். அவருடையது.

மியாமியில் ஏறி மியாமியிலேயே இறங்கின பயணம். பிப்ரவரி 1972.

ஆஸ்பத்திரி என்றாரே! கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே!

கப்பல் பெயரைப் பார்த்தேன். சோல்விக். கம்பெனி கைமாறினதற்காகப் புது முதலாளிகள் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அறை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை நானும் அவரும் கிளம்புகிறோம். அதே சோல்விக்கில்.

எட்டு மாதத்தில் நயாகராவுக்குக்கூடக் கூட்டிப்போகாத மனுஷன், கப்பல் பெயரைக் கேட்டதும் உடனே சரி என்றார். உனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். என்ன அக்கறை என்று பூரித்துப்போனேன், மக்கு.

சூப்பர்வைசர் மிஸஸ் டன்லப் பின்னால் வந்து நின்றாள். எங்கள் பெயரெல்லாம் அவளுக்கு ஒரே மாதிரிதான், எதையும் கவனிக்கவில்லை. ஒரு கார்டையே எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று கேட்டு, அதிலிருந்த போன் நம்பரை விரலால் தட்டினாள்.

எங்கள் வீட்டு நம்பர். அஜின்கோர்ட்டில் அதே அபார்ட்மெண்ட், அதே போன்.

காலையில் பூட்டிக்கொண்டு வந்தது நான்தான். அவர் ஐந்து மணிக்குத்தான் வருவார். இப்போது மணி பதினொன்று. யாரும் எடுக்க மாட்டார்கள், பதில் இல்லை என்று எழுதி அடுத்த கார்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நம்பரைச் சுழற்றினேன்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

ரிசீவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்துப் பெயரைக் கேட்க வேண்டும். கேட்பதென்றால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். கல்யாணமானதிலிருந்து நான் அதை வாயால் சொன்னதே இல்லை. மிஸஸ் டன்லப் நகர்கிற வழியாக இல்லை.

சொன்னேன். மிஸஸ் கல்யாணசுந்தரமா என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்த மாதிரி. அப்புறம் ஒரு பெண்குரல் தமிழில் பேசியது.

"ஆமாம்மா. இறங்கலைன்னே எழுதிக்கோ. சனிக்கிழமை அவரு வராருல்ல?"

வனஜாதான். ஆனால் அந்தக் குரலில் கோபமே இல்லை. இலை போட்டுவிட்டுக் காத்திருக்கிறவள் கேட்கிற மாதிரி கேட்டாள். அவளைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயம் அவரை நினைத்துத்தான் வந்தது.

"வராரு, அக்கா."

போன் வைக்கப்பட்டது.

என்ன சொன்னார்கள் என்று மிஸஸ் டன்லப் கேட்டாள். இறங்கவில்லையாம் என்றேன். உளறாதே, அடுத்ததைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கார்டில் அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமை போகிற ஊழியர்களின் பட்டியலை நான்தான் டைப் செய்து, மதியத்துக்குள் ஆஸ்லோவுக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அவர் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். போவார், ஓசியில் கிடைத்ததை விடுகிற ஆள் இல்லை.

மெஷினில் புதுத் தாளைச் செருகினேன். எங்கள் அறைக்கு நேரே ஒரே ஒரு பெயரை டைப் செய்தேன்.

அவருடையதை.