குண்டூசிக் காளான்

“மூச்சு அது மேல படுது, தள்ளி நில்லுங்க!” என்று சீறினாள் அவள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்கள் நாலு நாள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. பியூன் ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இப்ப எப்படி இருக்கு மேடம்?”

“இருக்கு. எதையும் உறுதியாச் சொல்ல முடியலை.”

கண்ணாடி மூடிக்குள் கிடந்தது ஒரு பட்டுப்போன கிளைத் துண்டு. அதன் பட்டையில் தலைமுடியைவிட மெல்லிய காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டூசித் தலையில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைத் தலை. மொத்தம் பதினொன்று, எல்லாம் ஒரே உயரம்.

பட்ட மரங்களில் முளைக்கும் பொடிக் காளான்களை இனம் பிரிப்பதுதான் அவள் வேலை. பன்னிரண்டு வருடமாகப் பட்டை சுரண்டுகிறாள், இப்படி ஒன்றை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. புது இனம் என்று ஊர்ஜிதமானால் பெயர் வைப்பது அவள், தற்காலிக வேலையும் நிரந்தரமாகிவிடும்.

ஒரே ஒரு உறுத்தல். அடியில் தட்டில் விரித்த கறுப்புத் தாளில் இன்னும் ஒரு பொட்டுத் தூள் விழவில்லை. காளானுக்கு விதையே அந்தத் தூள்தான், அதைப் பார்க்காமல் அவள் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. உட்காருவதும் எழுவதும் தாளைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

துறைத்தலைவர் கதவைத் தட்டாமலே நுழைந்து மூடியோடு தட்டைத் தூக்கினார்.

“பத்திரிகைக்காரங்க வந்தாச்சு. என் கண்டுபிடிப்புன்னு அறிவிச்சிடறேன். பேரும் என் பேரையே வச்சாச்சு.”

“சார்! மரத்துல ஏறி எடுத்தது நான்!”

“ஏறினது நீதாம்மா. ஏறச் சொன்னது யாரு?”

“இன்னும் தூள் விழலை சார். ரெண்டே நாள் பொறுங்க.”

“ரெண்டு நாள்ல நான் ரிட்டயர் ஆயிடுவேன்!”

அவர் போய்விட்டார். அவள் தன் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

“நோகாம நொங்கு திங்கப் பாக்கறாரா?” என்று கொதித்தார் அவர். “வாயை மூடிக்கிட்டு இருக்காதே. நேரா போய் எல்லார் முன்னாடியும் உன்னோடதுன்னு சொல்லு.”

அவள் ஓடினாள். வராந்தா முழுக்க, சொல்லவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே ஓடினாள். அரங்கின் கதவைத் தள்ளியபோது, நுண்ணோக்கியின் விளக்குச் சூட்டில் கிளைத்துண்டு கிடந்தது. எதிரே பெரிய திரையில் பதினொரு தலைகளும் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தன.

“சார், ஒரு நிமிஷம்...” என்று ஆரம்பித்தாள்.

தலைவர் அவளைக் கையமர்த்திவிட்டு மைக்கை நெருங்கினார். “சிலர் பங்கு கேட்டு வருவாங்க, நம்பாதீங்க. நாப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன், இது முழுக்க முழுக்க என் கண்டுபிடிப்பு. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் கிடையாது.”

கைதட்டல் எழுந்தது.

முன்வரிசைப் புகைப்படக்காரர் மட்டும் கைதட்டவில்லை. திரையில் ஒரு தலை வெடித்து, உள்ளேயிருந்து ஏதோ ஊர்ந்து வெளியே வருவதை உற்றுப் பார்த்தபடி கேட்டார்.

“ஏன் சார், காளானுக்கு ஆறு கால் இருக்குமா?”